ரெட்டினாயிக் அமிலம்: வைட்டமின் ஏ மரபணுக்களுக்கு இடும் உத்தரவு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிர்வேதியியல் வகுப்பு முடிந்து படியிறங்கும்போது ஒரு மாணவி மாத்திரை அட்டை ஒன்றை நீட்டினாள். முகப்பருவுக்கு எழுதிக் கொடுத்தது. உறையில் கர்ப்பிணிப் பெண்ணின் உருவம், அதன் குறுக்கே ஒரு கோடு. “வைட்டமின் ஏ சம்பந்தப்பட்ட மருந்துதான்னு சொன்னாங்க. வைட்டமினுக்கு எதுக்கு சார் இவ்வளவு பயம்?” என்று கேட்டாள். அன்று படிக்கட்டில் நின்று சொன்ன பதில் அரைகுறை. அதை விரித்து, அதன் பிறகு வந்த கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

வைட்டமின் ஏ என்றால் கண்ணுக்கு நல்லது. மரபணு எங்கிருந்து வந்தது?

கண் பார்வை அதன் ஒரு வேலை மட்டும்தான். இதை அழகாகக் காட்டிய சோதனை ஒன்று உண்டு. 1960-இல் ஜான் டவ்லிங், ஜார்ஜ் வால்ட் என்ற இருவர், வைட்டமின் ஏ துளியும் இல்லாத தீனியை எலிகளுக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பதில், வைட்டமின் ஏ-யிலிருந்து உடல் செய்துகொள்ளும் ரெட்டினாயிக் அமிலத்தை மட்டும் சேர்த்தார்கள். எலிகள் நன்றாக வளர்ந்தன, எடை கூடின, பார்க்க ஆரோக்கியமாக இருந்தன. ஆனால் முதலில் மாலைக்கண் வந்தது, கடைசியில் குருடாகிப் போயின.

அந்த அமிலத்தால் பார்வைக்குப் பயனில்லை, மற்ற பெரும்பாலான வேலைகளுக்கு அதுவே போதும் என்று இதிலிருந்து தெரிந்தது. உடல் வளர, தோலும் குடலின் உட்பூச்சும் ஒழுங்காக இருக்க, எதிர்ப்பு சக்தி நிற்க அந்த அமிலம் என்ன செய்கிறது என்பதற்கு விடை கிடைக்க இன்னும் 27 வருடம் ஆனது. விடை: அது மரபணுக்களை முடுக்கிவிடுகிறது, சிலவற்றை அடக்கியும் வைக்கிறது.

ரெட்டினால், ரெட்டினல், ரெட்டினாயிக் அமிலம் – எல்லாம் ஒன்றா?

ஒரே குடும்பம், வேலை வேறு. முதல் இரண்டுக்கும் தமிழில் ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். தேர்வுத்தாளில் அந்தக் கால் போன இடத்தை நான் எத்தனை முறை சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறேன் என்று கணக்கில்லை.

ரெட்டினால் என்பது ரத்தத்தில் பயணம் செய்யும் வடிவம். அது கொழுப்பு அமிலத்தோடு இணைந்து எஸ்டர் என்ற வடிவமாக மாறிக் கல்லீரலில் சேமிப்பாகக் கிடக்கும். ரெட்டினல் கண்ணின் விழித்திரையில் ஒளியைப் பிடிக்கும் வடிவம். இந்த இரண்டும் ஒன்று மற்றொன்றாக மாறிக்கொள்ளலாம். ரெட்டினலிலிருந்து ரெட்டினாயிக் அமிலம் உண்டாவது மட்டும் ஒருவழிப் பாதை. திரும்பி வர முடியாது. அந்த எலிகள் குருடானதும் இதனால்தான். அமிலத்தை எவ்வளவு ஊட்டினாலும் அதிலிருந்து கண்ணுக்கு வேண்டிய ரெட்டினலை உடலால் செய்துகொள்ள முடியவில்லை.

செல்லுக்குள் அது என்னதான் செய்கிறது?

கல்லீரலிலிருந்து ரெட்டினால் தனியாகக் கிளம்பாது. எண்ணெயில் கரையும் பொருள் என்பதால் ரத்தத்தில் அதைச் சுமக்க ஒரு புரதம் கூடவே வரும். தேவைப்படும் செல்லில் அது இறங்கியதும் இரண்டு நொதிப் படிகளில் அமிலமாகிறது. இன்னொரு சிறு புரதம் அதை உட்கருவுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

அங்கே டிஎன்ஏ மேல் ஒரு ஜோடி ஏற்பிகள், அதாவது அமிலம் வந்து பொருந்தும் புரதங்கள், முன்பே உட்கார்ந்திருக்கும். ஒன்றின் பெயர் ஆர்ஏஆர், மற்றதன் பெயர் ஆர்எக்ஸ்ஆர். ஒவ்வொன்றிலும் ஆல்பா, பீட்டா, காமா என்று மூன்று வகை. கண்ட இடத்தில் இவை உட்காருவதில்லை. ஏ-ஜி-ஜி-டி-சி-ஏ என்ற ஆறு எழுத்தோ அதற்கு மிக நெருக்கமான ஒன்றோ இரண்டு முறை வரும் இடத்தைத் தேடிப் பிடிக்கும். அந்த இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் ஐந்து எழுத்து அல்லது இரண்டு எழுத்து இடைவெளி இருக்கும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த இடைவெளி விஷயம்தான். வைட்டமின் டி-யின் ஏற்பியும், தைராய்டு ஹார்மோனின் ஏற்பியும் இதே ஆறெழுத்துச் சொல்லைத்தான் தேடுகின்றன. நடுவில் மூன்று எழுத்து விட்டிருந்தால் வைட்டமின் டி, நான்கு என்றால் தைராய்டு, ஐந்து என்றால் ரெட்டினாயிக் அமிலம். தமிழில் ‘பலகை’ என்று சேர்த்து எழுதினால் மரச்சாமான், ‘பல கை’ என்று இடம் விட்டால் ஒன்றுக்கு மேற்பட்ட கைகள். டிஎன்ஏவும் இடைவெளியை அந்த அளவுக்கு மதிக்கிறது. இந்தக் கணக்கு 1991-இல் வெளிவந்தது. பிறகு விதிவிலக்குகள் நிறையச் சேர்ந்துவிட்டன, ஆனாலும் அடிப்படை அப்படியே நிற்கிறது.

அமிலம் வராத நேரத்தில் அந்த ஏற்பி சும்மா இருக்குமா?

இருக்காது. பலரும் கோட்டை விடும் இடம் இது. ஏற்பி என்றால் கடிதம் வரும்வரை காத்திருக்கும் தபால்பெட்டி போல நினைத்துக்கொள்கிறார்கள். ஆர்ஏஆர் அப்படியில்லை, அமிலம் இல்லாதபோது அது கதவை உள்ளிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆள்.

டிஎன்ஏ, ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் நூல்போலச் சுற்றப்பட்டிருக்கிறது. அமிலம் கிடைக்காத ஆர்ஏஆர், துணை அடக்கிகள் எனப்படும் புரதங்களைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். அவை கூட்டி வரும் நொதிகள் ஹிஸ்டோனிலுள்ள அசிட்டைல் குழுக்களைக் கழற்றிவிடும். நூல் இறுகும், மரபணு வாய்மூடிக் கிடக்கும்.

அமிலம் வந்து ஏற்பியின் குழிக்குள் பொருந்தியதும் ஏற்பியின் கடைசிப் பகுதி ஒரு மூடிபோல மடிந்துகொள்கிறது. வடிவம் மாறியதால் அடக்கிகளுக்குப் பிடி தளர்ந்து கழன்றுபோகும். அதே இடத்தில் துணை முடுக்கிகள் வந்து ஒட்டும். இவர்களின் வேலை நேர் எதிர்: அசிட்டைல் குழுக்களைத் திரும்ப ஒட்டி, சுருளைத் தளர்த்தி, ஆர்என்ஏ எழுதும் நொதிக்கு வழிவிடுவது. இப்படி நேரடியாகவும், ஒன்று தூண்டி மற்றொன்றாகவும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் இதன் பேச்சைக் கேட்கின்றன.

அந்தப் பட்டியலில் ஒன்று வேடிக்கையானது: ரெட்டினாயிக் அமிலத்தை உடைத்துத் தீர்க்கும் சிப்26ஏ1 என்ற நொதியின் மரபணு. உத்தரவே தன்னை அழிக்கச் சொல்லும் உத்தரவையும் சேர்த்து எழுதிக்கொண்டு வருகிறது. உடல் இந்த அமிலத்தைச் செய்வதற்கு எவ்வளவு மெனக்கெடுகிறதோ, அதே அளவுக்கு அதைத் துடைத்தெடுக்கவும் மெனக்கெடுகிறது. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பதில்கள் பாதி தானாகவே புரியும்.

இந்த ஏற்பியைக் கண்டுபிடித்தது யார்?

1987-இல் இரண்டு குழுக்கள், கிட்டத்தட்ட ஒரே வேளையில். பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் பியர் ஷாம்போன் குழு, கலிபோர்னியாவின் சால்க் ஆய்வகத்தில் ரொனால்ட் எவன்ஸ் குழு. ஸ்டீராய்டு ஹார்மோன்களின் ஏற்பிகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். அதே சாயலில் இன்னொரு ஏற்பி கிடைத்தது, அதில் போய்ப் பொருந்தியது வைட்டமின் ஏ-யின் வாரிசு. உணவிலிருந்து வரும் ஒரு சத்து, ஹார்மோன் போல வேலை செய்கிறது என்பது அன்று பெரிய செய்தி. 2004-இல் இருவருக்கும், ஹார்மோன் ஏற்பி ஆய்வின் முன்னோடி எல்வுட் ஜென்சனுக்கும் சேர்த்து, மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருதைக் கொடுத்தார்கள்.

கருவில் இருக்கும் குழந்தைக்கு இது ஏன் அவ்வளவு முக்கியம்?

முதல் தடயம் ஒரு பன்றித் தொழுவத்தில் கிடைத்தது. டெக்ஸாஸில் ஃபிரெட் ஹேல் என்பவர் ஒரு பெண் பன்றிக்கு, இணை சேர்வதற்கு 160 நாள் முன்பிருந்து சினைப்பட்டு 30 நாள் வரை வைட்டமின் ஏ இல்லாத தீனி கொடுத்தார். அது 11 குட்டி போட்டது. ஒன்றுக்குக்கூடக் கண்விழி இல்லை. 1933-இல் இதை எழுதினார். பிறவிக் கோளாறு என்றாலே பரம்பரைதான் என்று நம்பிய காலம் அது. தாயின் தீனியில் ஒரு பொருள் குறைந்ததற்குக் குட்டிக்குக் கண்ணே உருவாகாமல் போகும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

இருபது வருடம் கழித்து, 1953-இல், சிட்னி கோலன் என்ற மருத்துவர் இதன் மறுபக்கத்தைக் காட்டினார். சினை எலிகளுக்கு வைட்டமின் ஏ-யை அளவுக்கு மீறிக் கொடுத்தார். அப்போதும் குட்டிகள் கோளாறோடு பிறந்தன. குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல். சத்தாக மட்டும் பார்த்தால் இது புதிர். உத்தரவாகப் பார்த்தால் புதிரில்லை.

கருவில் முதுகுப்புறம் உருவாகும் சமயத்தில், நடு உடம்பில் உள்ள செல்கள் ரெட்டினாயிக் அமிலத்தைச் செய்கின்றன. தலைப்பக்கமும் வால்பக்கமும் அதை உடைக்கும் நொதிகள் காவல் நிற்கின்றன. அதனால் ஓரிடத்தில் அமிலம் அதிகம், தள்ளிப்போகப்போகக் குறைவு, ஓரங்களில் ஏறக்குறைய இல்லை என்ற சரிவு உண்டாகிறது. ஒவ்வொரு செல்லும் தன்னிடம் உள்ள அளவைப் பார்த்துத் தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்கிறது. உடலின் முன்பின் வரிசையைத் தீர்மானிக்கும் ஹாக்ஸ் மரபணுக்கள் அந்த அளவுக்குத் தக்கபடி விழிக்கின்றன. தலையில் இருக்க வேண்டிய செல்லுக்கு வெளியிலிருந்து அமிலம் கொட்டினால், அது தன்னைக் கழுத்துச் செல் என்று எண்ணி அதற்கேற்ற வேலையைத் தொடங்கிவிடும். பிறகு அதைத் திருத்த வழி கிடையாது.

தவளைக்கு வாலில் கால் முளைத்தது உண்மையா?

உண்மை. அதுவும் நம் நாட்டில். புவனேஸ்வரத்தில் உத்கல் பல்கலைக்கழகத்தில் பிரியம்வதா மொகந்தி ஹெஜ்மாடியும் கூட்டாளிகளும் தலைப்பிரட்டைகளின் வாலை வெட்டிவிட்டு, அவற்றை வைட்டமின் ஏ கலந்த நீரில் விட்டார்கள். வால் வளர வேண்டிய இடத்தில் பின்னங்கால்கள் முளைத்தன. 1992-இல் நேச்சர் இதழில் வந்தது. வால் நுனியில் இருக்கும் செல்களுக்கு ‘நீ இடுப்புப் பகுதி’ என்று தவறான முகவரி போய்ச் சேர்ந்ததன் விளைவு. ஒடிசி நடனத்திலும் பெயர் பெற்றவர் அவர் என்பது உபரித் தகவல்.

சரி, அந்த முகப்பரு மாத்திரை விஷயம்?

அதன் பெயர் ஐசோட்ரெட்டினோயின். ரெட்டினாயிக் அமிலமேதான், மூலக்கூறில் ஓரிடத்தில் மட்டும் திருப்பம் வேறு. உடலுக்குள் போனதும் ஒரு பகுதி வழக்கமான வடிவத்துக்கு மாறிக்கொள்ளும். எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்கிவிடுவதால், வேறெதற்கும் அடங்காத கட்டிப் பருவுக்கு இதைப்போல வேலை செய்யும் மருந்து அரிது. 1982-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

மேலே சொன்ன சரிவை இப்போது நினைத்துப் பாருங்கள். கருவின் செல்கள் துல்லியமாக அளந்து வைத்திருக்கும் இடத்தில் இந்த மாத்திரை வெள்ளம்போல வருகிறது. காது, முகம், இதயம், மூளை, தைமஸ் சுரப்பி ஆகியவற்றில் கோளாறோடு குழந்தைகள் பிறந்ததை 1985-இல் விரிவாகப் பதிவு செய்தார்கள். கர்ப்பம் என்று தெரிய வருவதற்குள் பாதிப்பு நடந்து முடிந்திருக்கலாம். ஆகவே மாத்திரை எடுக்கும் காலம் முழுதும், நிறுத்தி ஒரு மாதம் வரையும் கர்ப்பம் கூடாது. அந்தக் காலம் முழுதும் ரத்த தானமும் கூடாது, ஏனென்றால் அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்படலாம். சொரியாசிஸுக்குக் கொடுக்கும் அசிட்ரெட்டின் இன்னும் மோசம். நிறுத்தியபின் மூன்று வருடம் காத்திருக்கச் சொல்கிறார்கள்.

அந்த மாணவியிடம் மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. உறையில் உள்ள கோட்டை முழுதாக நம்பச் சொன்னேன்.

முகத்தில் பூசும் கிரீமும் அப்படித்தானா?

ட்ரெட்டினோயின் கிரீம் என்பது ரெட்டினாயிக் அமிலமேதான். தோல் வழியாக ரத்தத்துக்குப் போகும் அளவு மிகக் குறைவு. இருந்தாலும் கர்ப்ப காலத்தில் தவிர்க்கச் சொல்வதே வழக்கம். வெளிச்சம் பட்டால் சிதையும் என்பதால் இரவில் பூசுவது. அழகு சாதனக் கடைகளில் கிடைக்கும் ரெட்டினால் சீரம் இதைவிட மென்மையானது, ஏனென்றால் தோலுக்குள் இரண்டு படி தாண்டித்தான் அது அமிலமாக வேண்டும்.

எனக்கு எரிச்சல் வருவது வேறொன்றில். ட்ரெட்டினோயின், ஹைட்ரோகுவினோன், ஒரு ஸ்டீராய்டு மூன்றையும் கலந்த கிரீமை, ‘கலர் வரும்’ என்று சொல்லி மருந்துக்கடையில் சீட்டில்லாமல் எடுத்துக் கொடுக்கிறார்கள். சில வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். அப்புறம் தோல் மெலிந்து, சிவந்து, வெயில் பட்டாலே எரியும். மங்குவுக்குத் தோல் மருத்துவர் குறுகிய காலம் எழுதும் மருந்து அது. பவுடர் மாதிரி தினம் பூசுவதற்கில்லை.

ரத்தப் புற்றுநோயை இதனால் குணப்படுத்தினார்கள் என்கிறார்களே?

ஒரு குறிப்பிட்ட வகையை. அதன் பெயர் தீவிர புரோமைலோசைட்டிக் லுக்கேமியா. ஒரு காலத்தில் ரத்தப் புற்றுகளிலேயே மிக வேகமாக ஆளைக் கொல்வது இதுதான். கட்டுக்கடங்காத ரத்தக்கசிவில் சில நாட்களில் உயிர் போய்விடும்.

இந்த நோயில் 15-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 17-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. 17-இல் முறிவது ஆர்ஏஆர் ஆல்பாவின் மரபணு. அது பிஎம்எல் என்ற வேறொரு புரதத்தோடு ஒட்டி ஒரு கலப்புப் புரதம் பிறக்கிறது. மேலே கதவை அழுத்திப் பிடிக்கும் ஆளைப் பற்றிச் சொன்னேனே, இந்தக் கலப்புப் புரதம் அதே ஆள்தான், ஆனால் காது மந்தம். ரத்தத்தில் இயல்பாக உள்ள அமில அளவு அதற்குக் கேட்பதில்லை. அடக்கிகளை விடாமல் பிடித்துக்கொள்கிறது. வெள்ளணுவாக முதிர வேண்டிய செல்கள் பாதி வளர்ச்சியில் நின்று, பெருகிக்கொண்டே போகின்றன.

1985-இல் ஷாங்காயின் ருய்ஜின் மருத்துவமனையைச் சேர்ந்த வாங் ஜென்யி என்ற மருத்துவர், கைவிடப்படும் நிலையில் இருந்த ஐந்து வயதுச் சிறுமிக்கு ரெட்டினாயிக் அமிலத்தை வாய்வழி கொடுத்தார். சிறுமி பிழைத்தாள். 1988-இல் 24 நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார்கள். 23 பேருக்கு அந்த அமிலம் மட்டுமே நோயைத் தணித்தது, மீதி ஒருவருக்கு இன்னொரு மருந்தும் சேர்க்க வேண்டியிருந்தது. கலப்புப் புரதத்தின் மரபணு அப்போது இன்னும் அடையாளம் காணப்படவில்லை. காரணம் சில வருடம் கழித்துத்தான் புரிந்தது: மந்தக் காதுக்கும் கேட்கும்படி பல மடங்கு உரக்கக் கத்தினால் அந்த ஆளும் கதவை விட்டுவிடுகிறான். புற்றுச் செல்லைக் கொல்லாமல், அதை முதிர வைத்து, இயற்கையாகச் சாக விடுகிற வைத்தியம் இது.

ஆனால் அமிலம் மட்டும் கொடுத்தால் நோய் திரும்பி வந்தது. ஒரு காரணம் நம் பழைய நண்பர் சிப்26ஏ1: மருந்தைத் தொடரத் தொடர உடல் அதை வேகமாக உடைக்கப் பழகிவிடும். சீனாவின் ஹார்பினிலிருந்து வந்த இன்னொரு மருந்து ஆர்சனிக் ட்ரையாக்சைடு, அதாவது சுத்திகரித்த பாஷாணம். அது கலப்புப் புரதத்தின் பிஎம்எல் பாதியைப் பிடித்து அழிக்கிறது. அமிலம் ஆர்ஏஆர் பாதியைத் தாக்குகிறது. 2013-இல் இத்தாலிய, ஜெர்மானிய மருத்துவர்கள் வெளியிட்ட ஒப்பீட்டில், அதிக ஆபத்தில் இல்லாத நோயாளிகளுக்கு இந்த இரண்டு மட்டுமே போதும், வழக்கமான கீமோ வேண்டியதில்லை என்று தெரிந்தது. இரண்டு வருட முடிவில் 97 சதவீதம் பேர் நோய் திரும்பாமல் இருந்தார்கள். நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2006-இலேயே, ஆர்சனிக்கை மட்டும் கொடுத்து வைத்தியம் பார்த்த 72 பேரின் அனுபவத்தை எழுதியிருந்தார்கள். செலவு தாங்க முடியாத நோயாளிகளை நினைத்துச் செய்த வேலை அது.

அப்படியென்றால் மற்றப் புற்றுநோய்களுக்கும் வைட்டமின் ஏ நல்லதா?

இல்லை. பின்லாந்தில் 29,000-க்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களை வைத்து நடந்த ஆய்வு 1994-இல் வெளிவந்தது. உடலில் வைட்டமின் ஏ ஆக மாறும் பீட்டா கரோட்டினை மாத்திரையாக எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்று 18 சதவீதம் அதிகம். அமெரிக்காவில் இதுபோல நடந்த இன்னொரு ஆய்வைப் பாதியிலேயே 1996-இல் நிறுத்தினார்கள்.

தினம் முருங்கைக்கீரை, கேரட் சாப்பிட்டால் அளவு கூடிவிடுமா?

கூடிவிடாது. தாராளமாகச் சாப்பிடுங்கள். கீரையிலும் கேரட்டிலும் இருப்பது பீட்டா கரோட்டின். குடலில் ஒரு நொதி அதை நடுவில் வெட்டி இரண்டு ரெட்டினலாக்குகிறது. உடலில் ரெட்டினாயிக் அமிலம் போதுமான அளவு சேர்ந்ததும், அது குடல் செல்லில் ஐஎஸ்எக்ஸ் என்ற மரபணுவை முடுக்கும். அது போய் அந்த வெட்டும் நொதியையும், கரோட்டினை உள்ளே இழுக்கும் புரதத்தையும் அடக்கிவிடும். ‘போதும், பரிமாறாதே’ என்று இலையை மடிப்பது போல. மிஞ்சினால் உள்ளங்கை மஞ்சளாகும், அவ்வளவுதான். கீரையில் ஒரு கரண்டி எண்ணெயோ தேங்காயோ சேருங்கள். கொழுப்பில்லாமல் கரோட்டின் ஏறாது.

ஈரல், மீன் எண்ணெய், மாத்திரை இவற்றில் உள்ள நேரடி வைட்டமின் ஏ-க்கு இந்தத் தடுப்பு இல்லை. பெரியவர்களுக்கு அதன் உச்சவரம்பு நாளொன்றுக்கு 3,000 மைக்ரோகிராம். கர்ப்பிணிகள் ஈரலைத் தினம் சாப்பிட வேண்டாம் என்பது இதனால்தான்.

குழந்தைக்கு ஒரே வாயில் 2 லட்சம் யூனிட் திரவம் கொடுக்கிறார்களே, ஆபத்தில்லையா?

ஒன்பதாம் மாதம் தட்டம்மைத் தடுப்பூசியோடு 1 லட்சம், பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம், ஐந்து வயது வரை. இது கல்லீரலில் எஸ்டராகச் சேமிக்கப்பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும் சேமிப்பு. அமிலமாக மாறுவது அந்தந்தச் செல்லின் தேவைப்படிதான். சில குழந்தைகளுக்கு ஒருநாள் வாந்தி, தலைவலி வரலாம். அங்கன்வாடியில் கொடுத்தது தெரியாமல் வெளியே இன்னொரு தடவை கொடுத்துவிடாதீர்கள். அட்டையில் குறித்து வாங்குங்கள்.

ஆண்களுக்கான கருத்தடை மாத்திரைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

விந்தணு உருவாகும் பிரிவைத் தொடங்கி வைக்கும் உத்தரவும் ரெட்டினாயிக் அமிலத்திடமிருந்துதான் வருகிறது. 1960 வாக்கில் அமெரிக்கச் சிறைக்கைதிகளுக்கு வின் 18,446 என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். விந்தணு எண்ணிக்கை விழுந்தது, நிறுத்தியதும் திரும்பி வந்தது. எல்லாம் நன்றாகப் போனது, யாரோ ரகசியமாகச் சாராயம் குடிக்கும் வரை. குடித்தவர்களுக்கு வியர்வை, படபடப்பு, வாந்தி. ரெட்டினலை அமிலமாக்கும் நொதியை அந்த மருந்து முடக்குகிறது என்றும், சாராயத்தைச் செரிக்கும் நொதி அதற்குப் பங்காளி என்றும் பின்னால்தான் தெரிந்தது.

இப்போது நொதியை விட்டுவிட்டு ஆர்ஏஆர் ஆல்பா ஏற்பியை மட்டும் அடைக்கும் ஒய்சிடி-529 என்ற மாத்திரை சோதனையில் இருக்கிறது. 2025-இல் 16 ஆண்களிடம் நடந்த முதல்கட்ட முடிவு வந்தது. பாதுகாப்பில் பெரிய குறை தெரியவில்லை. அது கருத்தரிப்பைத் தடுக்கிறதா என்பதை அந்தச் சோதனையில் பார்க்கவும் முடியாது. கலந்துகொண்டவர்கள் எல்லாரும் ஏற்கனவே குடும்பக் கட்டுப்பாடு அறுவை செய்துகொண்டவர்கள்.